வாழைப்பழம் தோற்றது, ஆரஞ்சு வென்றதா?

வாழைப்பழம் ஒரு பக்கம். ஆரஞ்சுப்பழம் மறு பக்கம்.

பழக்கடைப் பேச்சல்ல தோழர்களே, ஒரு நாட்டின் தலைவிதி பற்றிய பேச்சு! 2005ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், கிழக்கு ஆப்பிரிக்காவிலே, கென்யா நாட்டிலே, உழவனும் உழைப்பாளியும், கூடை சுமக்கும் பெண்ணும் கோலூன்றி வந்த கிழவரும் வரிசையில் கால்கடுக்க நின்று, ஆளுக்கொரு சீட்டைக் கையிலே வாங்கினர். அந்தச் சீட்டிலே இரண்டு பழங்கள். அரசு தீட்டித் தந்த புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்போர் வாழைப்பழத்திற்கு வாக்களிக்க வேண்டும். வேண்டாம் என்போர் ஆரஞ்சுக்கு. எழுத்தறியாதவரும் தடுமாறாமல் தம் எண்ணத்தைச் சொல்லட்டும் என்று தேர்தல் ஆணையம் செய்த ஏற்பாடு அது.

சீட்டுகள் எண்ணப்பட்டன. நூற்றுக்கு 42 பேர் வாழைப்பழம் என்றனர். நூற்றுக்கு 58 பேர் ஆரஞ்சு என்றனர்.

அரசு தோற்றது!

ஆளும் கட்சி தேர்தலிலே தோற்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே தோற்றது வேட்பாளர் அல்ல, ஒரு சட்டம். அரசே எழுதி, அரசே அச்சடித்து, அரசே ஊர் ஊராகச் சென்று "நல்லது, வாங்குங்கள்" என்று கூவி விற்ற சட்டம். "உமக்காகத்தான் செய்தோம்" என்று ஆளவந்தார் நீட்டினர். "எமக்கு வேண்டாம், நீரே வைத்துக்கொள்ளும்" என்று மக்கள் திருப்பித் தந்துவிட்டனர்.

விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு நகரத்திலும், தலைநகரான நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியிலும் மக்கள் தெருவுக்கு வந்தனர். ஆடினர், பாடினர், ஆரஞ்சுப் பழத்தைக் கொடிபோல் உயர்த்திக் காட்டினர். அரியணையில் இருப்பவரை அன்றாடங்காய்ச்சி வென்றுவிட்டான் என்றால் அந்த மகிழ்ச்சிக்கு அளவு ஏது!

படிப்பகத்து பெஞ்சிலே அமர்ந்து இதைப் படிக்கும் தோழர் ஒருவர் கேட்கக்கூடும்: "கென்யா எங்கே, நாம் எங்கே? என்றோ நடந்து முடிந்ததை இன்று ஏன் எடுத்துப் பேச வேண்டும்?" என்று.

பேசத்தான் வேண்டும். நம் நாட்டு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றம் கூடுகிறது, வாக்கெடுக்கிறது. சில திருத்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியேனும் ஒப்ப வேண்டும். அவ்வளவே. "இந்தச் சட்டம் உனக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று குடிமகன் கையிலே சீட்டைக் கொடுத்து நேராகக் கேட்கும் முறை நம்மிடம் இல்லை. கேட்ட நாட்டிலே என்ன நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. வெற்றி முரசு ஓய்ந்த மறுநாள் என்ன நடந்தது? தோற்றவர் என்ன செய்தார்? வென்றவர் என்ன செய்தார்? அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தோற்றவர் யார்?

கொடுங்கோலன் ஒருவன் கவிழ்ந்தான் என்றால் கதை எளிது, கைதட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே தோற்றவர் கொடுங்கோலர் அல்லர். மக்கள் தோளிலே தூக்கிக்கொண்டு வந்து அமர்த்திய தலைவர், முவாய் கிபாகி. மக்கரேரே பல்கலைக்கழகத்திலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் பயின்ற பொருளாதார வல்லுநர்.

1978 முதல் 2002 வரை, 24 ஆண்டுகள், டேனியல் அராப் மோய் அந்த நாட்டை ஆண்டார். 1982இல் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்று சட்டமே செய்தார்கள். 1991 டிசம்பரில்தான் அது நீங்கியது. மாற்றுக் கட்சி என்று பேசியவருக்குச் சிறை, எதிர்த்து எழுதியவருக்குச் சித்திரவதை என்று கழிந்த காலம் அது. அந்த நீண்ட இரவு முடிந்து, 2002 டிசம்பர் 27இல் நடந்த தேர்தலிலே எதிர்க்கட்சிகள் பகை மறந்து ஒன்றாய் நின்றன. ரைலா ஒடிங்கா என்ற தலைவர், தாமே போட்டியிடும் செல்வாக்கு படைத்தவர், "கிபாகி டோஷா" என்றார். "கிபாகியே போதும்" என்பது பொருள். பரப்புரை நடுவே கிபாகி கார் விபத்தில் சிக்கி லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அவருக்காக ஊர் ஊராய்ச் சுற்றியவர் இதே ரைலா. நூற்றுக்கு 62 பேர் கிபாகிக்கு வாக்களித்தனர். சக்கர நாற்காலியிலே வந்து, நைரோபியின் உஹுரு பூங்காவிலே, மக்கள் வெள்ளத்தின் நடுவே பதவி ஏற்றார். எதிர்காலத்தின் மீது மிகுந்த நம்பிக்கை கொண்ட மக்கள் உலகிலேயே கென்யர்கள்தாம் என்று அந்நாளில் எடுத்த கருத்துக் கணிப்பொன்று கூறிற்று.

நம்பிக்கை வீண் போகவில்லை, தொடக்கத்திலே! 2003 சனவரியில் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை அந்த அரசு நீக்கிற்று. அதுவரை வீட்டிலே கிடந்த பிள்ளைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கு ஓடினர். பிள்ளைகள் மட்டுமா? எல்டோரெட் நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு 2004 சனவரியிலே ஒரு கிழவர் வந்தார். கிமானி மருகே என்று பெயர். வயது 84. அரைக்கால் சட்டை, நீளக் காலுறை, கையிலே கோல். "இலவசக் கல்வி என்றீர்களே, எனக்கும் எழுத்துச் சொல்லித் தாருங்கள்" என்று முதல் வகுப்பிலே உட்கார்ந்துவிட்டார். வெள்ளையனை எதிர்த்த மாவ் மாவ் போரிலே நின்ற கிழவர், பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்து எழுதினார். உலகமே வியந்தது. அந்தக் கிழவரை நினைவில் வைத்திருங்கள் தோழர்களே, மீண்டும் அவரிடம் வருவோம்.

இவ்வளவு நன்மை செய்த அரசைத்தான், மூன்றே ஆண்டுகளில், மக்கள் தோற்கடித்தார்கள். ஏன்? நன்றி கெட்ட மக்களா? அல்ல, அல்ல! கல்வி கொடுத்ததற்கு நன்றி பாராட்டிய மக்களேதான், வாக்குத் தவறியதற்குத் தண்டனையும் கொடுத்தனர். நன்மை செய்தோம் என்பது, சொன்ன சொல்லை விழுங்குவதற்கு அனுமதிச் சீட்டாகுமா?

விழுங்கிய சொல் எது?

கென்யா 1963 டிசம்பர் 12இல் விடுதலை பெற்றது. லண்டனிலே, லங்காஸ்டர் மாளிகையிலே, வெள்ளையரோடு பேசி முடித்த அரசியல் சட்டம்தான் அதன் அடிப்படை. அந்தச் சட்டத்திலே வட்டாரங்களுக்கென்று தனி மன்றங்கள் இருந்தன, அதிகாரங்கள் இருந்தன. ஓராண்டு முடிவதற்குள் திருத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு திருத்தமும் வட்டாரத்திடமிருந்து பிடுங்கி நைரோபியிடம் கொடுத்தது. மன்றத்திடமிருந்து பிடுங்கி ஒருவரிடம் கொடுத்தது. முடிவிலே குடியரசுத் தலைவர் என்ற பெயரிலே முடிசூடா மன்னர் ஒருவர் எழுந்து நின்றார். பெயர் குடியரசு; நடப்பு கோனாட்சி!

"இந்தச் சட்டத்தை மாற்றுவோம், 100 நாளிலே புதிய சட்டம் தருவோம்" என்பதே 2002இல் கிபாகி அணியினர் தந்த உறுதிமொழி. புதிய சட்டத்திலே பிரதமர் பதவி ஒன்று உண்டாகும், அது ரைலாவுக்கு, அமைச்சரவையில் ஆளுக்குப் பாதி என்று தோழமைக் கட்சிகளுக்குள் எழுத்து மூலம் உடன்படிக்கையும் இருந்தது.

அரியணையில் அமருமுன் அந்த அரியணை உயரமாகத் தெரியும். "குறைக்க வேண்டும்" என்பார்கள். அமர்ந்த பிறகோ, "இன்னும் ஒரு படி இருந்தால் நன்றாயிருக்குமே" என்று தோன்றும். ஆளுகிறவர்களின் நோய் அது. அங்கேயும் அதுதான் நடந்தது.

நைரோபிக்கு அருகே போமாஸ் என்ற இடத்திலே, 2003 ஏப்ரலிலே, 629 பேராளர்கள் கூடினர். சட்டமன்ற உறுப்பினர் மட்டுமல்லர். மாவட்டப் பேராளர், தொழிற்சங்கத்தார், பெண்கள் அமைப்பினர், சமயத்தார் எல்லோரும். யாஷ் பால் காய் என்ற சட்ட அறிஞர் தலைமை ஏற்றார். மாதக் கணக்கிலே பேசினர், மோதினர், விவாதித்தனர். அதிகாரத்தைப் பிரித்து வட்டாரங்களுக்குக் கொடுப்பது பற்றி ஆராய்ந்த குழுவின் தலைவர் டாக்டர் ஒதியாம்போ ம்பாய், 2003 செப்டம்பரிலே தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குருதியும் சிந்தி, 2004 மார்ச்சிலே ஒரு வரைவு பிறந்தது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்திலே பெரும் பங்கைப் பிரதமருக்கும் வட்டாரங்களுக்கும் பகிர்ந்து கொடுத்த வரைவு. அரசுத் தரப்பார் மாநாட்டை விட்டு வெளியே நடந்தனர்!

வெளியே நடந்தவர்கள் சும்மா இருந்தார்களா? அந்த மார்ச்சு மாதத்திலேயே நைரோபி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. இருக்கிற சட்டத்தைத் திருத்தலாமே தவிர, அடியோடு அகற்றிப் புதுச் சட்டம் செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கு இல்லை, அது மக்களுக்கே உரியது, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புக்கு நீதிபதி துணை கொண்ட வழக்குகளிலே ஒன்று, நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்த்த கேசவானந்த பாரதி வழக்கு. கடல் கடந்து போய்க் கைகொடுத்திருக்கிறது பாருங்கள், இங்கே எழுதிய ஒரு தீர்ப்பு!

மக்களிடம் போக வேண்டும் என்றாகிவிட்டது. எதை எடுத்துக்கொண்டு போவது? போமாஸ் வரைவையா? இல்லை. கிலிஃபி என்ற கடற்கரை ஊரிலே கூடி, அந்த வரைவைப் பிரித்துப் போட்டுப் பின்னினார்கள். பிரதமர் உண்டு, ஆனால் அவரை அமர்த்துவதும் அகற்றுவதும் குடியரசுத் தலைவர் விருப்பம். வட்டாரங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இளைத்துப் போன அதிகாரம். அரசுத் தலைமை வழக்கறிஞர் அமோஸ் வாக்கோ 2005 ஆகஸ்டிலே அதை வெளியிட்டார். "இதோ, நீங்கள் கேட்ட சட்டம்!" என்றனர். போமாஸிலே பெற்ற பிள்ளையைக் கிலிஃபியிலே மாற்றிவிட்டு, தாயிடமே தாலாட்டச் சொல்லிக் கொடுத்தனர்.

வாழைப்பழத்திலே ஊசி ஏற்றுவது போல் என்று நம் ஊரிலே சொல்வார்கள். கென்ய அரசு வாழைப்பழத்தையே சின்னமாகப் பெற்று, அதிலே ஊசியையும் ஏற்றியது. ஆனால் உண்ணப் போகிறவன் பழத்தைப் பிட்டுப் பார்க்கத் தெரிந்தவனாயிருந்துவிட்டான்!

பரப்புரை தொடங்கிற்று. வேடிக்கையைக் கேளுங்கள்: ஒரே அமைச்சரவையிலே இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து, சிலர் வாழைப்பழ மேடையிலும் சிலர் ஆரஞ்சு மேடையிலும் ஏறினர். ரைலா ஒடிங்காவும் கலோன்சோ முசியோக்காவும் அமைச்சர்களாக இருந்துகொண்டே "வேண்டாம்" என்றனர். எதிர்க்கட்சியிலிருந்த உஹுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் அவர்களோடு கைகோத்தனர். அரசோ கையிலிருந்ததையெல்லாம் வாரி வழங்கத் தொடங்கிற்று. அம்போசெலி என்ற உலகப் புகழ் பெற்ற யானைக் காட்டைத் தேசியப் பூங்கா என்ற நிலையிலிருந்து இறக்கி, உள்ளூர் ஆட்சி மன்றத்துக்குத் தருவதாக வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பு உத்தரவு பிறந்தது. வாக்குக்காக வனமே விலையாயிற்று! கிசுமுவிலே பரப்புரைக் கலவரத்திலே துப்பாக்கி வெடித்து உயிர்கள் பலியாயின.

பிறகுதான் அந்த நவம்பர் 21.

தீர்ப்பு வந்தது. கிபாகி என்ன செய்தார்? மறுநாளே தொலைக்காட்சியிலே தோன்றி, மக்கள் தீர்ப்பை மதிப்பதாகச் சொன்னார். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆப்பிரிக்காவிலே மட்டுமா, உலகத்திலேயே எத்தனை ஆளவந்தார்கள் தோல்வியைத் தோல்வி என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள்? பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம்.

அதற்கடுத்த நாள், நவம்பர் 23. துணைக் குடியரசுத் தலைவரும் அரசுத் தலைமை வழக்கறிஞரும் தவிர, அமைச்சரவை முழுவதும் ஒரே ஆணையிலே நீக்கப்பட்டது. டிசம்பர் 7இல் புதிய அமைச்சர் பட்டியல் வந்தபோது, ஆரஞ்சு மேடை ஏறியவர்களின் பெயரைக் காணோம். ஆரஞ்சு அணியினர் புதுத் தேர்தல் கேட்டனர். அவர்களின் பொதுக்கூட்டங்களுக்குத் தடை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த ஆளவந்தாரை நிறுத்திவைத்து, கற்பனையிலே நாம் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்போமா?

"மக்கள் தீர்ப்பை ஏற்றீரா?"

"தலைவணங்கி ஏற்றோம்."

"நன்று. அந்தத் தீர்ப்பு என்ன சொல்லிற்று?"

"ஒருவரிடமே எல்லா அதிகாரமும் குவியக் கூடாது என்றது."

"அதற்காக என்ன செய்தீர்?"

"ஒருவராகவே உட்கார்ந்து, ஒரே கையெழுத்திலே அத்தனை அமைச்சர்களையும் நீக்கினோம்!"

சிரிப்பு வருகிறது. ஆனால் தோழர்களே, சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஏனென்றால் தோற்றவர் பக்கம் மட்டும் கோணல் என்று எழுதினால் நாம் உண்மையிலே பாதியை மறைத்தவர்களாவோம். வென்றவர் பக்கத்தையும் பார்ப்போம்.

ஆரஞ்சுக்கு வாக்களித்த அத்தனை பேரும் அதிகாரக் குவிப்பை எதிர்த்தா வாக்களித்தார்கள்? இல்லை. அந்த வரைவிலே பெண்ணுக்கு நிலத்திலே சம உரிமை தரும் விதி இருந்தது. மணமாகிப் போகிறவளுக்குத் தகப்பன் நிலத்திலே பங்கா என்று பொருமி "வேண்டாம்" என்றவர்களும் அந்த 58 பேரிலே உண்டு. பெண்ணுரிமையை மறுக்கும் கை, ஆரஞ்சைப் பிடித்திருந்தால் மட்டும் அழகாகிவிடுமா? அதைவிடக் கொடியது இனக் கணக்கு. கிபாகியின் கிக்குயு இனத்தார் நிறைந்த மத்திய மாகாணம் ஏறத்தாழ முழுவதும் வாழைப்பழம். ரைலாவின் லுவோ இனத்தார் நிறைந்த நியான்சா மாகாணம் பெரும்பாலும் ஆரஞ்சு. சட்டத்தின் விதிகளைப் படித்து வாக்களித்தவர் எத்தனை பேர்? "நம்ம ஆள் எந்தப் பழம்?" என்று கேட்டு வாக்களித்தவர் எத்தனை பேர்? ஆளவந்தார் சட்டத்தைத் தம் வசதிக்கு வளைத்தனர்; எதிர்த்தவர்களிலே பலர் மக்களின் கோபத்தைத் தம் வசதிக்கு வளைத்தனர்.

"வேண்டாம்" என்ற ஒரு சொல்லிலே எல்லோரும் கூடலாம். "வேறு எது வேண்டும்?" என்று கேட்டதும் கூட்டம் கலையும். ஆரஞ்சும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஒரே பழம். தோலை உரித்தால் தனித்தனிச் சுளை. 2007 தேர்தல் வருவதற்குள் கலோன்சோ தனி வழி போனார். உஹுரு, கிபாகியின் பக்கமே போய்ச் சேர்ந்தார். ரைலாவும் ரூட்டோவும் ஆரஞ்சின் பெயரையே கட்சிக்குப் பெயராக்கிக்கொண்டு நின்றனர்.

2007 டிசம்பர் 27இல் தேர்தல். எண்ணிக்கையிலே குளறுபடி, எங்கும் ஐயம். டிசம்பர் 30இல் கிபாகி வென்றார் என்று அறிவித்து, இருட்டுகிற நேரத்திலே, மாளிகைக்குள்ளேயே அவசர அவசரமாகப் பதவி ஏற்றனர். ஐந்தாண்டுகளுக்கு முன் மக்கள் கடலின் நடுவே சக்கர நாற்காலியிலே வந்து ஏற்ற அதே பதவி!

நாடு பற்றி எரிந்தது. அண்டை வீட்டான் அண்டை வீட்டானை வெட்டினான். காவல் துறையும் சுட்டது. 2008 சனவரி முதல் நாள், எல்டோரெட் அருகே கியம்பா என்ற சிற்றூரிலே, அஞ்சி ஓடித் தேவாலயத்துக்குள் புகுந்த பெண்களும் குழந்தைகளும், தேவாலயத்தோடு தீயிலே கருகினர். இரண்டு மாதத்திலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லட்சக்கணக்கானோர் வீடிழந்து கூடாரங்களிலே கிடந்தனர்.

அந்தக் கூடாரம் ஒன்றிலே ஒரு கிழவர் இருந்தார் தோழர்களே. கிமானி மருகே! இலவசக் கல்வி தந்த அரசின் பெருமைக்குச் சான்றாக, 2005இல் நியூயார்க் வரை விமானத்திலே போய்ப் பேசி வந்த அதே கிழவர். கலவரத்திலே உடைமை போயிற்று, இருப்பிடம் போயிற்று. அகதி முகாமிலே கிடந்தார். அந்த நிலையிலும் பள்ளிக்குப் போவதை விடவில்லை. முகாமிலிருந்து நடந்தே போனார். பின்னர் நைரோபியிலே முதியோர் இல்லத்திலே தங்கி, அங்கும் படித்து, 2009இல் கண்மூடினார்.

வாழைப்பழம் அவருக்கு என்ன தந்தது? ஆரஞ்சு அவருக்கு என்ன தந்தது? தலைவர்கள் மேடையிலே பழம் காட்டிச் சண்டையிட்டனர். எழுத்துப் படித்துக்கொண்டிருந்த 88 வயதுக் கிழவர், தெருவிலே நின்றார். இந்தப் படத்தை மறந்துவிட்டு எந்த வெற்றியையும் நாம் கொண்டாட வேண்டாம்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதவே நமக்குக் கை வந்திராது. முடியவில்லை.

கோஃபி அன்னான் நடுவே வந்தார். 2008 பிப்ரவரி 28இல் கிபாகியும் ரைலாவும் உடன்படிக்கையிலே கையெழுத்திட்டனர். கிபாகி தலைவர், ரைலா பிரதமர். 2002இல் எழுதிய உடன்பாடு, ஆயிரம் உயிர்களைக் காவு கொண்ட பிறகு, 2008இல் நிறைவேறிற்று! பிறகு மீண்டும் சட்டத்தைக் கையிலெடுத்தனர். இம்முறை வல்லுநர் குழு எழுதிற்று. மக்களிடம் கருத்துக் கேட்டுத் திருத்திற்று. 2010 ஆகஸ்ட் 4இல் மறுபடியும் வாக்கெடுப்பு. பழங்கள் போய் நிறங்கள் வந்தன: வேண்டும் என்போருக்குப் பச்சை, வேண்டாம் என்போருக்குச் சிவப்பு. ஐந்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் மேடையிலே நின்ற கிபாகியும் ரைலாவும் ஒரே மேடையிலே பச்சைக்கு வாக்குக் கேட்டனர். ரூட்டோ சிவப்புக்கு நின்றார்.

நூற்றுக்கு 67 பேர் பச்சை என்றனர். சிவப்பு அணி முடிவை ஏற்றது. வீடுகள் எரியவில்லை. அதே மக்கள், அதே வரிசை, அதே வெயில். 2005இலே "வேண்டாம்" என்று சொன்ன வாய், 2010இலே "வேண்டும்" என்றது. அப்படியானால் சட்டம் என்றாலே வெறுக்கும் மக்களா அவர்கள்? இல்லையே! ஏமாற்றை மறுத்தார்கள், ஏற்கத் தக்கதை ஏற்றார்கள்.

அந்தச் சட்டம் என்ன செய்தது? நாட்டிலே 47 மாவட்ட ஆட்சிகளை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த ஆளுநரும் மன்றமும் தந்தது. பிரதமர் பதவி அதிலே இல்லை. ஆனால் குடியரசுத் தலைவர் அமர்த்தும் அமைச்சர்களை நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று கடிவாளம் போட்டது. நிலத்திலே பெண்ணுக்கு எதிரான வேற்றுமை, சட்டத்திலானாலும் வழக்கத்திலானாலும், ஒழிய வேண்டும் என்றது. 2005இல் எந்த விதியைச் சிலர் எள்ளி நகைத்தனரோ, அந்த நீதி 2010இல் ஏறி அமர்ந்தது! உச்ச நீதிமன்றம் ஒன்றையும் அது நிறுவிற்று. அந்த நீதிமன்றம், 2017 செப்டம்பர் முதல் நாள், பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் உஹுரு கென்யாட்டா வென்றதாக அறிவித்த தேர்தலையே செல்லாது என்றது. அந்தச் சட்டத்தைச் சிவப்பு காட்டி எதிர்த்த ரூட்டோ, 2022இலே அதே சட்டத்தின் மீது உறுதி கூறித்தான் குடியரசுத் தலைவரானார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். சட்டம் ஏட்டிலே இருந்தால் போதாது. காக்கும் மக்கள் வேண்டும். கிபாகி 2022 ஏப்ரலில் மறைந்தார். ஐந்து முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டும் அந்தப் பதவியை அடையாத ரைலா ஒடிங்கா, 2025 அக்டோபர் 15இல், நமக்கு அண்டையிலே, கேரளத்துக் கூத்தாட்டுக்குளத்திலே, மருத்துவத்துக்கு வந்த இடத்தில், காலை நடையின்போது வீழ்ந்து உயிர் நீத்தார். தலைவர்கள் போய்விட்டனர். மக்கள் சொன்ன இரண்டு சொற்கள் நிற்கின்றன: 2005இன் "வேண்டாம்", 2010இன் "வேண்டும்".

ஆளுகிறவர்களுக்கு நாம் சொல்வது இது: மக்கள் "வேண்டாம்" என்றால் அதற்குப் பொருள், "நீ ஒழிக" என்பதல்ல, "சொன்னதைச் செய்" என்பது. அதைக் காதிலே வாங்காமல், எதிர்த்தவன் நாற்காலியைப் பறிப்பதிலே முனைந்தால், பின்னால் வரும் நெருப்பு நாற்காலியோடு நிற்காது.

தொண்டர்களுக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் நாம் சொல்வது: அரசைத் தோற்கடிப்பது பாதி வேலை. சுவரிலே "வேண்டாம்" என்று எழுத ஒரு இரவு போதும். வேண்டுவது எது என்று எழுதுவதற்குத்தான் 629 பேர் கூட வேண்டியிருக்கிறது. ஆண்டுக் கணக்கிலே பேச வேண்டியிருக்கிறது. சாதி என்ன, இனம் என்ன என்று கேட்காமல் எதிரணியான் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பாதி வேலையைச் செய்யாமல் வெற்றி விழா நடத்தியவர்களின் விழா, கியம்பாவிலே சாம்பலாக முடிந்தது.

2005இலே வாழைப்பழம் தோற்றது உண்மை. ஆரஞ்சு வென்றதா என்றால், அன்று வெல்லவில்லை. ஐந்தாண்டு கழித்து, பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தைக் கையிலெடுத்துப் படித்தார்களே, அன்றுதான் மக்கள் வென்றார்கள்.

அந்தக் கிழவர் எழுத்துப் படிக்க வந்தாரே, அதுபோல!